ரோஜாப்பூ போட்ட வெள்ளிக் கரண்டிகள்

மார்ச் 4, புதன்
வாங்கியே விட்டேன்! ஊரில் இருக்கும் ஒரே பழம்பொருள் கடையில், அந்தக் காலத்து ஸ்டெர்லிங் வெள்ளி செட். ஆறு பேருக்கான கரண்டி, முள்கரண்டி, ஒரு பெரிய சூப் பாத்திரம். எல்லாவற்றிலும் ரோஜாப்பூக்கள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. தடவினால் இதழ் இதழாக விரலில் தட்டுப்படுகிறது. என் சலவைக்கடைச் சேமிப்பு காலி. போகட்டும். ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பா அம்மா முதன்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். அவர் டாக்டர், அந்த அம்மாள் தலைமையாசிரியை. நாங்கள் மட்டும் என்ன, இளப்பமா?

மார்ச் 5
பூவின் இடுக்கெல்லாம் கறுப்பு. பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து இடுப்பு ஒடிந்தது. வீட்டுக்காரரிடம், "யாராவது கேட்டா உங்க அம்மா காலத்துதுன்னு சொல்லுங்க" என்றேன். "எங்க அம்மா அலுமினியத் தட்டுலதானே போட்டாங்க?" என்கிறார். வந்துவிட்டார் உண்மை விளம்பி.

மார்ச் 7
மகள் காதில் விழுந்துவிட்டது. "அம்மா, அவங்களுக்குப் பொய்னாலே ஆகாது. மாட்டிக்கிட்டா என் கல்யாணமே நின்னுடும்" என்று அழுதாள். வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

மார்ச் 8, ஞாயிறு
வாய் திறந்தேன்.

டாக்டர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அட, நம்ம வீட்டு செட் மாதிரியே இருக்கே!" என்றார். என் நாக்கு சும்மா இருந்ததா? "எங்க மாமியார் காலத்துதுங்க." வீட்டுக்காரருக்குப் புரையேறியது. அந்த அம்மாள் தன் கரண்டியை உற்றுப் பார்த்துக்கொண்டே சூப் குடித்தார்.

பிறகு என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் ஒரு கரண்டி.

"குழியில பல் தடம் தெரியுதா? என்னுது. குழந்தையில கடிச்சது. இது எங்க அம்மா எனக்குக் குடுத்த செட்."

போச்சு — மகள் வாழ்க்கையை நானே குட்டிச்சுவர் ஆக்கிட்டேனே! உனக்கு எதுக்குடி இந்த ஜம்பம்?

"மன்னிச்சிடுங்க, பொய் சொன்னது நான்தான். பொண்ணுக்கு இதுல—"

"மெதுவா பேசுங்க! அவருக்குத் தெரியாம நான்தான் வித்தேன். பேங்க் லாக்கர்ல இருக்குன்னு நினைச்சிட்டிருக்கார்."

"ஏங்க வித்தீங்க?"

ஈ என்று காட்டினார். முத்து முத்தாக ஒரு வரிசை. "பல் கட்ட. இந்த வயசுல உனக்குப் பல் எதுக்குன்னு கேட்டார் மனுஷன். எங்க அக்கா பணம் குடுத்தான்னு சொல்லிட்டேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தோம். பயம் போய், அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மார்ச் 9
கல்யாணம் நிச்சயம்!

ஜூன் 14
கல்யாணப் பரிசாக செட்டை மகளிடமே கொடுத்தேன். மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் அது போய்ச் சேர வேண்டிய வீடு அதுதானே.

ஜூலை 5
சம்பந்தி வீட்டில் விருந்து. மேசை நிறைய ரோஜாப்பூ. டாக்டருக்கு ஒரே பெருமை. "எங்க செட்டை ஒருவழியா லாக்கர்லேர்ந்து எடுத்துட்டா. நீங்க குடுத்தது இப்ப லாக்கர்ல பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க!"

என் வீட்டுக்காரர் கரண்டியை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது நம்ம—" என்று ஆரம்பித்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். "ஐயோ!" என்று அலறினார்.

என் ஒரு மிதிக்கு அவ்வளவு சத்தம் வராது. எதிரே சம்பந்தியம்மா, குனிந்த தலை நிமிராமல் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.