தொட்டிக்கு வந்த கடல் சாமந்தி

ஜனவரி 23, 1984. திங்கள்.

நல்ல பனி. ராமேஸ்வரம் பாசஞ்சர் நாற்பது நிமிஷம் தாமதம். துரைராஜ் சொன்ன சொல் தவறவில்லை. என் வீட்டுக்காரருடைய பழைய மாணவன், இப்போது மண்டபத்தில் உத்தியோகம். கார்டு பெட்டியில் ஐந்து கேன் கடல் தண்ணீர், ஒரு தகர டின். டின்னுக்குள் பிளாஸ்டிக் பை. பைக்குள் கடல் சாமந்தி.

பார்க்க ஒன்றும் இல்லை. பிழிந்து போட்ட கைக்குட்டை மாதிரி. வேலைக்கு வரும் முத்துப்பேச்சியை உதவிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ரிக்‌ஷாவில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கா விடியமுன்ன எழுப்புனீக?" என்றாள். பூ இல்லை, பிராணி, கடலில் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மீன் அதற்குள் குடியிருக்கும் என்று விளக்கினேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

தொட்டியில் விட்ட முறை (துரைராஜ் கடிதப்படி):
பையைக் கட்டோடு தண்ணீரில் மிதக்கவிட்டது, அரை மணி.
பிறகு பைக்குள் தொட்டித் தண்ணீர், பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். மொத்தம் எட்டு.
விளக்கு அணைத்தாயிற்று.
வெறும் கையால், அடிப்பாதம் கீழே வரும்படி, இரண்டு கல்லுக்கு நடுவே. பிறகு தொடக்கூடாது. மூன்று நாள் தீனியும் கூடாது.

ஹைட்ரோமீட்டரில் உப்பு 1.023. சூடு 26. இரண்டும் சரி.

அவர் இதே தொட்டியில் மூன்று முறை சாமந்தி வளர்த்துப் பார்த்தார். மூன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. மதுரைக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டார். அவர் போய் இரண்டு வருஷம். மீதி இருப்பது அடியில் ஊரும் சில நத்தைகள், ஒரே ஒரு கோமாளி மீன். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். ஒண்ட இடமில்லாமல், காற்றுக்குமிழ் விடும் கல்லோடு உரசிக்கொண்டே காலம் தள்ளுகிறது. தினம் அதைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதிக் கேட்டேன். அவருக்கு வராதது எனக்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 24. செவ்வாய்.

பனி. தொண்டை கட்டல். மிளகு கஷாயம்.

சாமந்தி இரவோடு இரவாக ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. கல்லின் நிழலில். பாதம் இன்னும் பிடிக்கவில்லை. கவலை வேண்டாம், இடம் தேடும் என்று கடிதத்தில் இருக்கிறது.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகி இறங்குவதை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்பு ஆவியாகாது. இரண்டு வருஷமாக மு.பே.தான் மண்பானையில் தெளியவைத்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வந்தாள். அது சரியில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். பானையில் பாசி வாடை. புது விருந்தாளிக்கு அது வேண்டாம். இன்று முதல் நான் குடிக்கும் தண்ணீர்: வெள்ளைத் துணியில் வடிகட்டி, செம்புக்குடத்தில் இரவு முழுக்க வைத்தது. அம்மா வீட்டுச் சீர்க்குடம். மு.பே. தினம் புளி போட்டுத் துலக்கிக் கண்ணாடியாக வைத்திருக்கிறாள். காலை ஒரு படி ஊற்றினேன்.

"அது குடிக்கிற தண்ணியாச்சேம்மா," என்றாள்.

நான் குடிக்கலாமென்றால் அதுவும் குடிக்கலாம் என்றேன்.

ஜனவரி 25. புதன்.

மதியம் பன்னிரண்டே கால். விரிந்துவிட்டது.

எழுத வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலம். வெளிறிய காவி நிறத்தில் நூற்றுக்கணக்கான விரல்கள், நுனியில் இளஞ்சிவப்பு. தண்ணீர் அசைய அசைய அசைகிறது. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமிழ்க் கல்லோடுதான்.

எதிர்வீட்டு சேதுராமன் ஜன்னல் வழியாக, "என்னம்மா, பூ பூத்துருச்சா? மாலை கட்டலாமா?" என்றார். ரிட்டையர் ஆனவர்களுக்கு வேலையில்லை.

செம்புத் தண்ணீர் ஒரு படி. இருபத்தாறுக்காக ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். பல் டாக்டர், வெள்ளிக்கிழமை. மறக்கக்கூடாது.

ஜனவரி 26. வியாழன்.

காலையில் சுருங்கிக் கிடக்கிறது. வாய் திறந்து, உள்ளே வெளுப்பு. வாய் திறந்திருந்தால் நல்லதல்ல, கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறான். அடியில் ஒரு நத்தையும் மல்லாந்து கிடக்கிறது. என்ன மாறியது? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எதுவும் மாறவில்லை.

மு.பே.யைக் கேட்டேன். நேற்று சாயந்திரம் ஒரு கல் சரிந்து சாமந்தி மேல் சாய்ந்ததாகவும், கையை விட்டு நிமிர்த்தி வைத்ததாகவும் சொன்னாள். மறைக்கவில்லை. நான் மாடியில் இருந்தேனாம். அந்த நேரம் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். சோப்புக் கை.

"கழுவிட்டுத்தாம்மா விட்டேன். ரெண்டு தரம் கழுவுனேன்."

பொய் சொல்லாதே என்றேன். குரல் உயர்த்தவில்லை. உயர்த்துவது என் வழக்கமில்லை.

அவள் மீதிப் பாத்திரம் துலக்கினாள், குடத்தையும் துலக்கினாள், கவிழ்த்தாள். பின்கட்டுச் சாவியை ஆணியில் மாட்டினாள். பதினோரு வருஷமாக அந்தச் சாவி அவள் முந்தானையில்தான் இருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

துரைராஜுக்குக் கடிதம். 'வேலைக்காரி சோப்புக் கையைத் தொட்டியில் விட்டுவிட்டாள், என்ன செய்யலாம்' என்று. மூன்று மணித் தபாலில் சேர்த்தாயிற்று.

செம்புத் தண்ணீர் ஒரு படி, காலையிலேயே. ஸ்பீக்கர் இன்னும் நிற்கவில்லை.

ஜனவரி 27. வெள்ளி.

மு.பே. வரவில்லை. வாசல் நானே தெளித்தேன். இடுப்பு வலி. குடமும் நானே துலக்கினேன். அவள் அளவுக்கு மின்னவில்லை.

சாமந்தி இன்னும் சுருக்கம். ஒரு பக்கம் பாதம் தூக்கிக்கொண்டு, காற்றில் ஓரம் தூக்கும் காகிதம் போல. நல்ல தண்ணீர் கூடுதலாகப் போனால் சோப்பின் வீரியம் குறையும் என்று செம்புத் தண்ணீர் இரண்டு படியாக ஊற்றினேன். நத்தை இன்னும் இரண்டு போயின. மீன் மட்டும் பழையபடி.

பல் டாக்டரிடம் போகவில்லை.

'மதுரைக்கு ஒத்துவராது.' அவர் நாற்காலியிலிருந்து சொல்வது போலவே இருந்தது. தான் சொன்னது சரியாகிப் போனால் அவருக்கு ஒரு திருப்தி இருக்கும் எப்போதும்.

ஜனவரி 28. சனி.

பனி குறைவு. பத்து மணி வாக்கில் மு.பே. வந்தாள். வேலைக்கு இல்லை. மழைக்குக் கொண்டுவந்து மறந்து வைத்த குடையை எடுத்துப் போக. அவள் இருக்கும் விளாங்குடியிலேயே ஒரு டாக்டர் வீட்டில் கூப்பிடுகிறார்களாம், பஸ் ஏறி சிம்மக்கல் வர வேண்டியதில்லையாம். இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நானும் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

குடையோடு திரும்பியவள் தொட்டி பக்கம் நின்றாள். ரொம்ப நேரம். குனிந்து அடியைப் பார்த்தாள்.

"துத்தம் ஏதும் போட்டீகளாம்மா?"

என்ன துத்தம்?

"மயில்துத்தம். கல்யாணத்துக்கு முந்தி திண்டுக்கல் பக்கம் திராட்சத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவோம்ல. கொடிக்குத் துத்தம் அடிச்ச தண்ணி வாய்க்கால்ல எறங்கிரும். நத்த அம்புட்டும் இப்பிடித்தான் மல்லாக்கக் கெடக்கும். மீனு தப்பிக்கும், நத்த தப்பாது. சோப்புத் தண்ணிக்கு இப்பிடிச் சாகாதும்மா."

மயில்துத்தம். கான்வென்டில் ரசாயன வகுப்பு, கண்ணாடிக் குப்பியில் நீலப் படிகம். சிஸ்டர் எங்களை அதன் பெயரை, காப்பர் சல்ஃபேட் என்று, பத்து முறை எழுதவைத்தது நினைவு வந்தது. அது தாமிரம். தாமிரம் என்றால் செம்பு.

அடுக்களையில் குடம் இருந்தது. புளி போட்டு, தினம் ஒரு படலம் தேய்ந்து, தகதக என்று. ராத்திரி முழுக்க அதில் ஊறிய தண்ணீரை நான் நாலு நாளாக என் கையால் அளந்து ஊற்றியிருக்கிறேன். ஐந்து படி. இன்று காலையும் ஊற்ற எடுத்து வைத்திருந்தேன்.

மு.பே. பார்த்தாள். குடத்தைக் கை காட்டினேன். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை.

"அடி ஆத்தி. வெளக்கி வெளக்கி நாந்தான் அதுக்கு வெசம் வச்சேனாக்கும்," என்றாள்.

நீ வைக்கவில்லை என்றேன்.

அவள் குடையை மூலையில் சாத்திவிட்டு, சேலையை ஏற்றிச் செருகினாள். கேன்களில் மூன்று இன்னும் உடைக்காமல் இருந்தன. ரப்பர் குழாய் வைத்துப் பாதித் தண்ணீரை இறக்கினோம். பிளாஸ்டிக் வாளி மட்டும். புதுக் கடல் தண்ணீரை டம்ளர் டம்ளராக. அடுப்புக்கரியை நன்றாகக் கழுவி, மெல்லிய துணியில் கட்டி, குமிழ் வரும் இடத்தில் தொங்கவிட்டோம். அவர் செய்வார் அப்படி, நஞ்சை இழுக்கும் என்று. ஒன்றரை மணி ஆயிற்று. அதற்குள் பேசியதெல்லாம் தண்ணீரைப் பற்றி.

போகும்போது ஆணியிலிருந்த சாவியை எடுத்து முடிந்துகொண்டாள். "நாளைக்கு வாரேன்." நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 29. ஞாயிறு.

மாற்றமில்லை. வாய் மூடியிருக்கிறது. அல்லது அப்படி நான் நினைக்கிறேன்.

மண்பானைத் தண்ணீர், அரைப் படி. மு.பே. ஊற்றினாள். குடத்தைப் பரணில் ஏற்றியாயிற்று. பானைத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பாசி வாடை எல்லாம் இல்லை.

ஜனவரி 30. திங்கள்.

பாதம் கல்லைப் பிடித்துவிட்டது. பென்சிலால் பக்கத்துத் தண்ணீரை அசைத்தேன், நகரவில்லை. பாதி விரிவு. புது நத்தைச் சாவு இல்லை. துரைராஜிடம் இன்னும் இரண்டு கேன் கேட்க வேண்டும். வண்ணான் கணக்கில் ஒரு தலையணை உறை குறைகிறது.

ஜனவரி 31. செவ்வாய்.

விரிவு முக்கால். உளுந்தளவு இறால் துண்டு, குச்சி நுனியில். விரல்கள் மூடி வாங்கிக்கொண்டன. மு.பே. கையைத் தட்டப் போய் நிறுத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 2. வியாழன்.

வெயில் ஏறிவிட்டது. தொட்டியின் பின்கண்ணாடிக்கு ஈரத்துணி.

துரைராஜ் பதில். 'சோப்பு ஆபத்து. வேலைக்காரர்களைத் தொட்டிப் பக்கமே விட வேண்டாம், அம்மா. சார் இருந்தபோதும் இப்படித்தான் ஏதாவது நடந்திருக்கும்.' இரண்டு முறை படித்தேன். நான் எழுதியதற்குத்தான் அவன் எழுதியிருக்கிறான். அவர் வளர்த்த மூன்றுக்கும் யார் மேல் பழி போட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வந்தது. எழுதவில்லை.

பதினொன்றரைக்கு மீன் குமிழ்க் கல்லை விட்டு வந்தது. சாமந்தியின் ஓரம் வரை. வாலால் ஒரு தட்டு. ஓட்டம். மறுபடி வந்தது. மறுபடி ஓட்டம். மு.பே. விளக்குமாற்றோடு பின்னால் வந்து நின்றாள்.

"மறுவீட்டுக்கு வந்த மாப்ள கணக்கா வாசல்லயே நிக்கிதே. உள்ள போப்பா, யாரும் அடிக்க மாட்டாக."

பன்னிரண்டு ஐந்துக்கு உள்ளே போயிற்று. முதலில் வயிறு, பிறகு முழு உடம்பும். விரல்களுக்குள் புரண்டு புரண்டு, குளிக்கிற குருவி மாதிரி. இருவரும் நின்றே பார்த்தோம். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உட்கார் என்றேன். பெருக்குவது பாக்கி இருக்கிறது என்றாள். உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 3. வெள்ளி.

காலை எட்டுக்கும் மீன் உள்ளேயே.

துரைராஜுக்குக் கடிதம் எழுதி முடித்தேன். மு.பே. காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கேள் என்று சொல்லி உரக்கப் படித்தேன். தவறு என்னுடையது, செம்புக்குடத் தண்ணீரை ஊற்றியது நான், சோப்பு என்று எழுதியது அநியாயம், கண்டுபிடித்தது இங்கே வேலை செய்பவள், அவள் இல்லாவிட்டால் சாமந்தி பிழைத்திருக்காது. படிக்கும்போது 'வேலை செய்பவள்' என்ற இடத்தில் 'முத்துப்பேச்சி' என்று படித்தேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எம் பேரு எந்த எடத்துலம்மா இருக்கு? காட்டுங்க, பாத்துக்கிறேன்."

நான்காவது வரியில் விரல் வைத்தேன். அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இம்புட்டு நீளமா," என்றாள்.

அவள் அடுக்களைக்குப் போனதும் வேறு தாள் எடுத்தேன். நான்காவது வரியில், அதே இடத்தில் அவள் பெயர் வர வேண்டும். மூன்று தாள் வீணாயிற்று.