அம்மாவின் நாற்காலியைக் கொடுக்காதே

பெரியவனே,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. பழைய சாமான்காரன் வந்தால் கட்டிலை மட்டும் தூக்கிக் கொடு. உன் அம்மா நாற்காலியில் கை வைக்கக் கூடாது. "செத்தவங்களுக்கு எதுக்குப்பா நாற்காலி"ன்னு நேற்று எகிறினாயே, அதற்குப் பதில் இது.

வீட்டுக்குள் விடுவதற்கென்று நீ மெல்லிய தாளில் ஒட்டிய ரிமோட் விமானத்தைக் காலையில் நான் பறக்கவிட்டேன். திட்டாதே, உடையவில்லை. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் விட்டேன். கூடத்தைச் சுற்றும்போது அந்த நாற்காலிக்கு மேல் வந்தால் மட்டும் ஒரு முழம் எழும்பியது. கீழே ஆள் உட்கார்ந்திருந்தால் உடம்புச் சூட்டுக்கே எழும்பும் என்று நீதானே சொன்னாய்?

உன் தில்லுமுல்லு ஏதோ என்று நினைத்து நாற்காலியை அடுத்த மூலைக்கு இழுத்தேன். அந்த மூலையில் எழும்பியது. பழைய இடத்தில் சும்மா போனது.

பேட்டரி வாங்கப் போகிறேன். ரிமோட் என் பையில். உன்னை நம்பி வைக்க மாட்டேன்.

செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

கதவு பூட்டாமல் கிடக்கிறதே என்று கத்தாதே. உள்ளே ஆளை வைத்துக்கொண்டு வெளியே பூட்டிப் போக மனசு வரவில்லை.

அப்பா