வியாழன் மாலையை மூடியவர்கள்

இங்கே கூடியிருக்கும் தாய்மார்களே, மருத்துவமனைப் பணியாளர்களே, ஊர்ப் பெரியவர்களே! தேயிலை மலைப் பெண்களுக்கென வியாழன்தோறும் மாலையில் நடந்த மருத்துவத்தை மூடியவர்கள், அதைத் தொடங்கிய அம்மையாருக்கு இன்று படம் திறக்கிறார்கள். அவரைப் பற்றிப் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். புகழுரை என்னிடம் இல்லை. அவருக்கே ஒரு மடல் எழுதி வந்திருக்கிறேன். அதை உரக்கப் படிக்கிறேன், கேட்டிருங்கள்.

மிஸ்ஸி,

தாதியரை இந்த மலை அழைக்கும் சொல்லாலேயே உங்களை அழைக்கிறேன். உங்கள் படத்தின் மரச்சட்டத்துக்குப் பூசிய மெருகெண்ணெய் இன்னும் காயவில்லை. அதன் நெடி மல்லிகை மாலையின் மணத்தைத் தின்றுவிட்டு இம்மருத்துவமனை மண்டபம் முழுதும் நிற்கிறது. படத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால் ஒருவர் எதையும் கேட்கமாட்டார் என்ற துணிவு இவர்களுக்கு.

நீங்கள் தாதியர் தலைவியாக இங்கு வந்த நாளில் இந்த மருத்துவமனைக்கு நோயாளிகள் வரவில்லை, கொப்பிகள் வந்தன. குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்துண்ணும் பெண்கள், காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய கூலியை இழப்பார்கள். மருத்துவமோ காலையில் மட்டும். ஆகவே தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண் ஒருவர், லயத்து வீடுகளின் பெண்கள் எல்லாருடைய சிகிச்சைக் குறிப்புக் கொப்பிகளையும் ஓர் உரப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வருவார். மருத்துவர் ஒவ்வொன்றிலும் முன்னைய மருந்தையே எழுதுவார். பொட்டலங்கள் அதே உரப்பையில் மலையேறும். உடம்பைக் காணாமலே மருத்துவம் முடிந்துவிடும். இதில் எல்லாருக்கும் நிறைவு. பணியாளர்களுக்கு முற்பகலிலேயே கூடம் ஓய்ந்துவிடும். பெண்களுக்குக் கூலி குறையாது. ஒருவரும் குறைசொல்லாத தீங்கை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது என்பதை உங்கள் அருகிலிருந்து கண்டேன்.

நலன்புரிச் சங்கத்தின் சார்பில் அன்றைய பணியாளர் கூட்டத்தில் நானும் இருந்தேன். மாலையில் கொழுந்தின் கடைசி நிறுவை முடிந்த பின் பெண்களே நேரில் வரட்டும், வியாழனில் மட்டும் அதற்காகத் திறப்போம் என்றீர்கள். மருந்து வழங்கும் ரவூப் நானா உடனே எழுந்தார்.

“மிஸ்ஸி, கடைசி பஸ்ஸ விட்டா நான் மாத்தளைக்கு எப்பிடிப் போற? மருந்து அலுமாரிக்குள்ளயா படுக்கச் சொல்றீங்க?”

“அலுமாரில எடமில்ல நானா. அங்க எலிக் குடும்பம் ஒன்னு இருக்குன்னு போன கெழம நீங்கதானே சொன்னீங்க.”

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு முறுக்கிக்கொண்டார். “சிரிச்சா பஸ் நிக்குமா?”

அன்று நீங்கள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் பேருந்து நடத்துநரைத் தேடிப் போனீர்கள். அந்த நேரத்தில் இம்மருத்துவமனைப் பணியாளர்களை விட்டால் அவருக்கு வேறு பயணிகள் ஏது என்று கேட்டீர்கள். வியாழனில் மருந்துச் சாளரம் மூடும்வரை வாயிலில் நிற்க அவர் ஒப்புக்கொண்டார். மாலையில் தங்கியவர்கள் மறுநாள் பிந்தி வரலாம் என்றும் ஏற்பாடாயிற்று. இத்தனை அலைச்சல் எதற்கு, ஓர் ஆணை போட்டால் முடிந்துவிடாதா என்று நான் பொறுமையிழந்து கேட்டேன்.

“ஆர்டர் போட்டா கை வேலைக்கு வரும் ஐயா, மனசு லீவு போட்டுரும். மாறச் சொல்றதுக்கு முந்தி, மாறினா அவங்களுக்கு என்னா போகுதுன்னு கேக்கணும்.”

அதே கேள்வியோடு மலையேறினீர்கள். பெரட்டுக் களத்தில் உங்களை எதிர்த்து நின்றவள் செல்லாயி. கங்காணியே அஞ்சும் வாய் அவளுக்கு.

“டாக்டரய்யா என் மூஞ்சியப் பார்த்து என்னா செய்யப் போறாரு? கொப்பியப் பார்த்தா பத்தாதா?”

“கொப்பிக்கு பிரஷர் இல்ல செல்லாயி. ஒனக்குத்தான் இருக்கு.”

“அடேயப்பா, மிஸ்ஸிக்கு வாய் கொறச்சலில்ல!”

அடுத்த வியாழன், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், கொழுந்துச் சாற்றில் கறுத்த விரல்களோடு வரிசையின் முதல் ஆளாக அவள்தான் நின்றாள். மருத்துவர் அவள் கையில் பட்டியைக் கட்டி அளந்தார். முகம் சுருங்கி, இரண்டாம் முறையும் அளந்தார். நெடுங்காலம் மாறாமலிருந்த அவள் மருந்து அன்று மாறியது.

அதன்பின் எத்தனையோ வியாழன்கள். மிளகுக்கொடி படர்ந்த மதிலுக்கு அப்பால் பேருந்து உறுமிக்கொண்டிருக்கும். நடத்துநர் வாயிலிலிருந்து கத்துவார்: “நானா, இன்னும் எத்தன பேரு?” சாளரத்திலிருந்து ரவூப் நானாவின் குரல் பாயும்: “பொறு தம்பி! மனிசர் மருந்து எடுக்க வாணாமா?” அதைக் கேட்டு நீங்கள் தலை குனிந்து சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு இந்தப் படத்தில் இல்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் கண்மூடினீர்கள். புதிய தலைமை அலுவலர் வந்தார். இதோ மேடையில் அமர்ந்திருக்கிறார். வந்தவுடன் பணியாளர்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தினார். மாற்றத்தை வழிநடத்துவது எப்படி என்று சுவரில் வண்ணப்படங்கள் ஒளிர்ந்தன; தேநீரும் பெட்டிஸ் பலகாரமும் வழங்கப்பட்டன. அடுத்த கிழமை சாளரக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. மாலை மருத்துவம் நிறுத்தப்பட்டது. அனைவரும் காலையில் வருக. அதுதான் அவர் வழிநடத்திய மாற்றம். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கப்படவில்லை.

நேரில் போய் முறையிட்டேன்.

“எல்லா எடத்துக்கும் ஒரே சிஸ்டம் வருது ஐயா. எல்லாரும் ஒத்துழைச்சா சரியாகிரும்.”

எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். அவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். அலுமாரிக்குள் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்த ரவூப் நானா, இந்த மாலை மருத்துவத்துக்காக அவரோடு வாதாடினார், மிஸ்ஸி. அவரைத் தொலைதூர வில்கமுவவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவருக்காக எந்தப் பேருந்தும் நிற்காது.

உரப்பை மீண்டும் மலையிறங்கியது. செல்லாயி ஒருநாள் காலை மருத்துவத்துக்கு வந்து அன்றைய கூலியை இழந்தாள். பிறகு அவளும் கொப்பியை அனுப்பினாள். அவளைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது; ஏறிக்கொண்டிருந்த அழுத்தம் எவர் கண்ணிலும் படவில்லை. ஒரு முற்பகல், கூடை முதுகில் இருக்க, கொழுந்து பறிக்கும் மலையிலேயே விழுந்தாள்.

இன்று முன்வரிசையில் இருக்கிறாள். அசையாத வலக்கையை அவள் மகள் எடுத்து மடியில் வைத்திருக்கிறாள். கங்காணியை அஞ்சவைத்த வாய், ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கப் படும் பாட்டை நீங்கள் பார்க்குமுன் மறைந்ததே நல்லது என்று ஒரு கணம் எண்ணினேன். மறுகணமே அந்த எண்ணத்துக்காக நாணினேன். நீங்கள் இருந்திருந்தால் காண்பதற்கு இது இருந்திராது.

முழங்கியே பழகியவன் நான். கேட்டுவிட்டு, எதிரே நிற்பவர் விடை சொல்லும்வரை வாய்மூடிக் காத்திருக்கும் உங்கள் பழக்கம் ஒன்றே உங்களிடமிருந்து என்னோடு தங்கியிருக்கிறது. உங்களுக்கு அது அன்பிலிருந்து வந்தது. எனக்கு இன்று சினத்திலிருந்து வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், மிஸ்ஸி. மடலை இங்கே மடிக்கிறேன்.

தலைமை அலுவலர் அவர்களே, இனி உங்களோடு. இந்த விழாவை ஏன் மாலையில் வைத்தீர்கள்? காலையில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், நாற்காலிகள் நிறையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கைதட்ட அவர்கள் எப்போது வரமுடியும் என்று அறிந்த நீங்கள், மருந்துக்கு அவர்கள் எப்போது வரமுடியும் என்பதை அறியவில்லையா?

இன்று வியாழக்கிழமை. மருத்துவர் இரண்டாம் வரிசையில் இருக்கிறார். புதிய மருந்தாளரும் இருக்கிறார். வாயிலில் பேருந்தை நிறுத்திவைக்க நான் சொல்லியாயிற்று. இந்தப் பெண்கள் தங்கள் கொப்பிகளைத் தங்கள் கையிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். வரிசையில் நிற்க எழுந்துவிட்டார்கள். கதவில் ஒட்டிய தாளை உங்கள் கையாலேயே கிழியுங்கள். சாளரத்தைத் திறவுங்கள். அடுத்த கிழமை அல்ல, கூட்டம் போட்டு முடிவெடுத்த பின் அல்ல. இப்போதே!