மினிக்காய் எங்கே இருக்கிறது

சாந்தோம்,
11 ஏப்ரல் 1948

அன்பு மகன் காஸ்பருக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் முட்டி வலி ஒன்றுதான் சுகமில்லை. கடல் நடுவில் நீயும் சுகமாயிருக்க தேவமாதாவை மன்றாடுகிறேன். அங்கே தினமும் சூரை மீன்தான் என்று நீ எழுதியதை மீன்காரி தேவானையிடம் சொன்னேன், குடுத்து வெச்ச பிள்ளை என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து மந்தைவெளிக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் கிளாடிஸ், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் அவள் அம்மாவுக்கு ஒரு பெரிய சந்தேகமாம், தீவு என்றால் அவர்களுக்குத் தெரிந்தது அந்தமான் ஜெயில்தான், பையன் உத்தியோகத்தில் இருக்கிறானா உள்ளே இருக்கிறானா என்று தரகரிடமே கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு வந்த கோபத்தில் சுவரிலிருந்த மேப்பைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார். நீ போன பிறகு மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய மேப் அது, எழுத்தெல்லாம் மங்கல். திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் ஜெபமாலை முடிந்ததும் மலையாளக் கரைக்கு மேற்கே ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டி உனக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுவார்.

அங்கே போய் மேஜை மேல் விரித்துப் பிரசங்கம் ஆரம்பித்தார் பார். பிறை மாதிரி வளைந்த தீவு, ஆறு மைல் நீளம், ஒரு மைல்கூட அகலமில்லை, முன்னே கண்ணனூர் ராஜா வீட்டுக்குச் சொந்தம், பிறகு வெள்ளைக்காரன் கைக்கு வந்தது என்று ஒன்றையும் விடவில்லை. பெண்ணின் அப்பா பாவம், காய்கறி கிடைக்குமா என்று கேட்டார். அதற்கு உன் அப்பா, நீ வேலை பார்க்கும் கலங்கரை விளக்கம் கட்டி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது என்று பதில் சொன்னார். அங்கே வீடெல்லாம் பெண்கள் பேரில்தான், புருஷன் வந்து போகிறவன் என்று நீ எழுதியதையும் சொன்னார். கிளாடிஸ் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள், அவள் அப்பா இருமினார்.

கடைசியில் இதுதான் மினிக்காய் என்று அப்பா புள்ளியைக் காட்டினார். அந்த அம்மாள் ரொம்பச் சுத்தக்காரி. குனிந்து பார்த்து, முந்தானையை நாக்கில் நனைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார்கள். மினிக்காய் போய்விட்டது. அப்பா முகத்தைப் பார்த்து, சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது கிளாடிஸ் எழுந்து வந்து மேப்பில் விரல் வைத்தாள். "அது ஈ எச்சம், மாமா. மினிக்காய் இன்னும் தெற்கே, எட்டாவது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. நான் நேற்றே பள்ளிக்கூட மேப்பில் பார்த்துவிட்டேன்." அவள் காட்டிய இடத்தில் நிஜமாகவே ஒரு புள்ளி, ஈ போட்டதைவிடச் சின்னது. அப்பா திரும்பி வரும்போது மேப்பை மடியில் விரித்து சாந்தோம் கோயில் வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, ஐந்து மாசம் செய்த ஜெபம் எங்கே போயிருக்கும் என்று என்னைக் கேட்டார். போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும் என்றேன்.

கிளாடிஸ் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. உனக்குத் தானே ஒரு கடிதம் எழுதுவாளாம், பதிலைப் பார்த்துத்தான் சொல்லுவாளாம். அவள் அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, திருச்சியில் ரயில்வே மாப்பிள்ளை ஒருவன் காத்திருக்கிறான். அதனால் அடுத்த ஓடத்திலேயே பதில் போடு. மழைக்காற்று தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை ஓடம் கிடையாது, திருச்சிக்குத் தினமும் ரயில் உண்டு. உன் பெருமையை அளக்காமல் உள்ளதை எழுது. தலைக்கு எண்ணெய் வை, பாறையில் நடக்கும்போது செருப்புப் போடு. தேவமாதா உன்னைத் தன் நீலச் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
வெரோனிகா இக்னேஷியஸ்

அவள் கடிதமும் இப்போது வந்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டுமுன் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது, கோபிக்காதே. அந்தத் தீவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா, இல்லையென்றால் ஆரம்பிக்க ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். முதலில் போய் அறையைப் பார்.