கல்யாணச் சாவு

ஆவணி 9, திங்கள் இரவு

இன்று அண்ணனை எடுத்தோம். அறுபத்திரண்டு வயது. செம்பாக்கம் வீட்டில் சாவு என்றதும், தொண்ணூற்றாறு வயது அப்பாதான் என்று நினைத்துவிட்டார் கூடுவாஞ்சேரி மச்சான். கல்யாணச் சாவாயிற்றே என்று பேண்டு செட்டும் சரவெடியுமாக வந்து இறங்கினார். வாசலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் கையிலிருந்த சரவெடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் பேண்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்பா, வாசிச்சிட்டுப் போகட்டும். எனக்குன்னு வரும்போது பேண்டு சொல்ல யாரு மிச்சம் இருப்பாங்களோ."

அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து அப்பாவைப் பார்த்தார். "பிபி, சுகர் எல்லாம் நார்மல். சார் நூறைத் தாண்டிடுவாரு" என்றார்.

எனக்கு ஐம்பத்தெட்டு. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.