காந்தக் காப்பு போட்ட கைக்கு

என் கூடப்பிறந்த ராத்தா,

சலாம் சொல்லித்தான் தொடங்கப் பார்த்தேன். தையலில் எவ்வளவு அவசரம் இருந்தாலும் பதில் சலாம் சொல்லாமல் விட்டதில்லை நீங்கள். பதில் வராத சலாமை இந்தத் தாளில் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களைக் கொன்றவனைப் போய்ப் பார்த்தேன்.

நீங்கள் இருந்தால் என் வாயைப் பொத்துவீர்கள். "மாமிட மகன அப்பிடிச் சொல்லாத புள்ள" என்பீர்கள். சொல்வேன். நவாஸ் மச்சான் என்று பெயரோடு, காத்தான்குடியும் ஓட்டமாவடியும் வாசிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் மௌத்தாகி ஐந்து மாதம் முடிந்துவிட்டது. அவனுக்கு ஒரு நாள்கூடத் தூக்கம் கெடவில்லை.

அவனைப் பற்றிக் கேட்டால் ஊரே ஒரே சொல்லைத்தான் சொல்லும். காந்தம். காந்தக் கண், காந்தக் குரல். கல்யாண வீட்டில் அவன் எந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறானோ அந்தப் பக்கம்தான் சனம். பதினெட்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காந்தம் இரும்பையும் நிக்கலையும் இன்னும் ஒன்றிரண்டையும்தான் இழுக்கும், செம்பையும் பொன்னையும் திரும்பியும் பார்க்காது. ஆட்களை மயக்குகிறவனுக்குப் போய் அந்த நேர்மையான சாமானின் பெயரை யார் வைத்தார்களோ.

உங்களுக்குக் காந்தம் தெரியாதா? பழைய ரேடியோவின் ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, தையல் மெசினுக்குக் கீழே சிந்திய குண்டூசிகளை அள்ளுவீர்களே. ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் ஒரு ஊசியும் அசையாது, கிட்டக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குக் காட்டியதே நீங்கள்தான். அப்படிப்பட்ட நீங்கள் எப்படி ஏமாந்தீர்கள் என்று ஆட்கள் கேட்கிறார்கள். அதற்கான பதிலை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

போன வருடம் மாதர் சங்கத்தில் காந்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தவன் அவன். பூமியே ஒரு காந்தம் என்றேன். ஸ்கேன் மெசினுக்குள் இருப்பதும் காந்தம்தான் என்றேன். நம் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் இரும்பை இழுக்கும் என்றேன். அதற்கு அடுத்து நான் சொன்னது இது: ஆனால் இரத்தத்து இரும்பு ஆணியில் இருக்கிற இரும்பைப் போலக் கூட்டமாக இல்லை, தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது, காந்தத்தால் அதைப் பிடித்து இழுக்க முடியாது. முடியுமென்றால் அந்தப் பெரிய மெசினுக்குள் போனவர் எவரும் உயிரோடு வெளியே வரமாட்டார்.

அவன் ஃபோனில் பதிவு செய்தான். "ஆனால்" என்பதற்கு முன்னால் வெட்டினான். அந்தத் துண்டைப் போட்டுக் காட்டித்தான் ஊர் ஊராகக் காந்தக் காப்பு விற்றான். பிரஷருக்கு, சீனி வருத்தத்துக்கு, மூட்டு வலிக்கு, எல்லாவற்றுக்கும் அந்தக் காப்பு. நீங்கள் நம்பியது அவனை இல்லை. உங்கள் தங்கச்சியின் குரலை.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒருநாள் நீங்கள் எனக்கு ஃபோன் எடுத்தீர்கள்.

"ரெத்தத்துல இரும்பு இரிக்கெண்டு நீ சொன்னியாமே, உண்மையா புள்ள?"

"ஓம் ராத்தா, இரிக்கிதான். நான் பேப்பர் திருத்திறன், மறுகா எடுக்கிறன்."

பிறகு பேசுகிறேன் என்ற அந்த "மறுகா" வரவேயில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா நான்? நீங்கள் காப்பைப் போட்டுக்கொண்டு, பிரஷருக்கு விழுங்கி வந்த குளிசையை அன்றோடு நிறுத்தினீர்கள். நாலு மாதத்தில் மெசினில் தைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்தீர்கள். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார் டொக்டர். காப்பைக் கழற்றி என் கையில் வைத்தது ஒரு நேர்ஸ்.

போன வாரம் சனிக்கிழமை காலை ஓட்டமாவடியில் கூட்டம் போடுகிறான் என்று கேள்விப்பட்டேன். பெட்டிக்குள் மாட்டு ஈரல் ஒரு துண்டு, ஒரு ஊசி, உங்களுடைய காப்பு. பஸ் ஏறிப் போனேன். மண்டபம் நிறையப் பெண்கள். இரத்தம் குறைவென்றால் ஈரல் தின்னச் சொல்கிறார்களே, ஏன், என்று கேட்டேன். இரும்பு என்று நாலைந்து பேர் சொன்னார்கள். காப்பை ஈரலுக்கு மேல் பிடித்தேன், அசையவில்லை. பக்கத்தில் ஊசியை வைத்தேன். துள்ளி வந்து ஒட்டியது. பெண்கள் சிரித்தார்கள். அவன் கதை முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிடம் எவ்வளவு இனித்தது தெரியுமா?

அவன் முகம் வாடவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

"டீச்சர் செஞ்சது சரிதான். ஆனா அது செத்த மாட்டுட ஈரல். ஓடாத ரெத்தத்த எது இழுக்கும்? உயிரோட ஓடுற ரெத்தத்தக் காட்டுறன், பாருங்க." சொல்லிவிட்டு முன் வரிசையைப் பார்த்தான். "உம்மா, இஞ்ச வாங்க."

மாமி எழுந்து வந்தா. இரண்டு கையிலும் காப்பு. "மூணு மாசமா நான் குளிசை தொடல்ல" என்று சனத்துக்குச் சொன்னா. கை தட்டினார்கள். ஓடுகிற இரத்தம் என்றாலும் அதே இரத்தம்தான் என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. அவன் காப்பு விற்கிற மேசையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்துவிட்டது.

வாசலில் மாமி என் கையைப் பிடித்தா. முகம் ஊதியிருந்தது. "விடியக்குள்ள எழும்பினா தலை சுத்துது புள்ள. பின் கழுத்தும் இழுக்கிது. அவனுட்ட சொல்லல்ல, பாவம், வியாபாரம் நடக்கட்டும்."

உங்களுக்கும் அப்படித்தானே தொடங்கியது? எனக்கு எல்லாம் விளங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ராத்தா. கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எட்டு நாளாகிவிட்டது. எட்டு நாளும் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருக்கிறேன். அவன் வீட்டிலும் ஒரு உடம்பு சரிந்து விழட்டும், அவன் கையிலும் ஒரு நேர்ஸ் காப்பைக் கழற்றி வைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நம்மைத் தூக்கி வளர்த்த மாமி என்று தெரிந்துதான் ஆசைப்பட்டேன். என்னை ஏசுவீர்களா? ஏசுங்கள்.

நேற்றுத்தான் அதை முழுதாக நினைத்துப் பார்த்தேன். மாமி மௌத்தானால் என்ன நடக்கும்? அவன் அழுவான். ஊர் திரண்டு வந்து அவனைக் கட்டிப்பிடிக்கும். இறைவனின் நாட்டம் என்பார்கள். உம்மாவை இழந்தவன் என்று இன்னும் கொஞ்சம் இரக்கம் சேரும். இரண்டு மாதத்தில் அந்த இரக்கத்தை வைத்தே பாசிக்குடாப் பக்கம் புது மேசை போடுவான். உங்கள் சாவு அவனை என்ன செய்தது? மாமியின் சாவு மட்டும் என்ன செய்துவிடப் போகிறது?

மாமி உயிரோடு இருந்தால்தான் அவனுக்குக் கேடு.

அதனால் நாளைக் காலை மாமி வீட்டுக்குப் போகிறேன். பிரஷர் பார்க்கிற மெசினை நம் தெருவிலிருக்கும் மிட்வைஃபிடம் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். அவன் கண்முன்னால் மாமியின் கையில் கட்டி, வருகிற இலக்கத்தைச் சத்தமாக வாசிப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். காப்பு இரண்டையும் மாமியே கழற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு காலையும் தன் உம்மா குளிசை விழுங்குவதை அவன் பார்க்கட்டும். காப்புக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் "நான் அதக் கழட்டித்தான் புழைச்ச" என்று மாமி தன் வாயால் சொல்லட்டும். அதற்கு எதிராக அவன் என்ன பேசுவான்?

நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவனை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், ராத்தா: மாமிக்கு நீண்ட ஆயுளைக் கேட்டு ஐந்து நேரமும் துஆச் செய்வேன். அவன் வாழ்கிற காலம் முழுக்க அவவும் வாழ வேண்டும்.

"மறுகா எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு எடுக்காத
உங்கள் தங்கச்சி,
ரிஹானா