வீட்டுக்குள் போகும் வழி

மார்ச் 4
கூரை ஒருவழியாக முடிந்தது. ஐந்நூறு வருஷத்துப் பண்ணைவீடு. நாற்பது வருஷம் ஆளில்லாமல் கிடந்தது. இங்கிலாந்தின் டெவனில் இப்படி ஒரு பாழை வாங்கிய பைத்தியங்கள் நாங்கள்தான். என் கணவன் பியர்ஸும் நானும், மாதக்கணக்காக முற்றத்தில் குடியிருந்த கேரவன் வண்டியை விட்டு இன்று உள்ளே குடிவந்தோம். இனி எங்கள் வீடு, எங்கள் கதவு.

மார்ச் 5
என்ன துணிச்சல்! இரவு உடையோடு டீ போட்டுக்கொண்டிருக்கிறேன், முன்கதவைத் திறந்துகொண்டு பக்கத்துப் பண்ணை லஸ்கோம்ப் நாயோடு உள்ளே வருகிறார். வீட்டைக் குறுக்காக வெட்டும் நடையில் நடந்து, பின்கதவு வழியாக ஆற்றுப் பக்கம் போயேவிட்டார். "டீ வாசனை தூக்குதும்மா" என்று பாராட்டு வேறு.

மார்ச் 9
அவர் மட்டுமா? தபால்காரி, தேவாலயத்தில் பாடப் போகிறவர்கள், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் நாய் முதுகைத் தேய்த்து, சுவரெல்லாம் ரோமம்!

பொறுக்க முடியாமல் லஸ்கோம்பிடம் கேட்டேன். "இது எங்க வீடுன்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? வீடு உங்களுது, வழி எங்களுது. எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் போறோம். கூரை இல்லாதப்ப நனைஞ்சுகிட்டே போனோம். இப்ப நல்லாருக்கு."

நல்லாருக்காம்! இவர்கள் நனையாமல் போகவா நாங்கள் கூரை போட்டோம்?

மார்ச் 10
இரண்டு கதவுக்கும் பூட்டு.

மார்ச் 17
பப்பில் ஒருவர்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. "விட்டுத் தொலையேன், என்ன கொறைஞ்சுடும்?" என்கிறான் பியர்ஸ். அவனை நாய் உரசினால் தெரியும்.

ஜூன் 2
ஆற்றங்கரை வயலை லண்டன்காரன் ஒருவன் வாங்கியிருக்கிறான். வாங்கட்டும்.

ஜூன் 6
வாங்கட்டுமா? நான் தினமும் நீந்தப் போகிற பாதையில் இரும்பு கேட்! ஏறிக் குதித்தேன். ஓடி வந்தான்.

"மேடம், இது என் நிலம்."

"நிலம் உங்களுது. நாங்க எப்பவும் இந்த வழியாத்தான் போறது!"

"நாங்கன்னா? நீங்க வந்தே ஒரு வருஷம்தானே?"

கேட்டை மறுபடி ஏறிக் குதித்துத் திரும்பினேன். கோபம் அவன் மேலா, என் மேலா என்றுகூடத் தெரியவில்லை.

ஜூன் 7
பூட்டுகளைக் கழற்றிவிட்டேன். பியர்ஸ் சிரித்தால் கொன்றுவிடுவேன்.

ஜூன் 8
லஸ்கோம்ப் கதவைத் தட்டினார். இத்தனை நாளில் முதல் முறையாக!

"நாளைக்கு அந்த கேட்டைத் தொறக்கச் சொல்லி ஊரே போறோம். நீங்களும் வாங்க."

"வரேன். எங்க கூடறது?"

"இங்கதான். உங்க வீட்டு வழியாப் போனாத்தானே கிட்ட?"

நடை முழுக்கக் கோணி விரித்திருக்கிறேன். சுவரில் எந்த நாயாவது உரசட்டும், அப்புறம் இருக்கிறது.